கொப்பரைக் களத்தில் ஒரு ஜெர்மன் கார்

"இந்த வண்டி என்னைக் கொல்லப் பாக்குதுங்க அம்மிணி," என்றார் டாக்டர் நாச்சிமுத்து.

கோகிலவாணி வண்டியைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"வண்டிக்கு உங்க மேல கோவம் இருக்கற மாதிரித் தெரியலீங்களே," என்றாள்.

குரு என்றால் தாடி வேண்டும், ஆசிரமம் வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவிடலாம். கோகிலவாணிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். மலைப்பாதைக் கார் பந்தயங்களில் ஓட்டிக் கோப்பைகள் வாங்கியவள். தொடை எலும்பை உடைத்துக்கொண்ட பிறகு பந்தயத்தை விட்டுவிட்டு, காங்கேயத்துக்குப் பக்கத்தில் குடும்பத்தின் கொப்பரைக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் தேங்காய் காயாது. அத்தனை பெரிய சிமெண்டுத் தரையும் சும்மா கிடக்கும். காலங்காலமாக எண்ணெய் ஊறிய தரை. அதில் நாலு தூறல் விழுந்துவிட்டால் பூனைகூட யோசித்துத்தான் கால் வைக்கும்.

அங்கேதான் அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். தேடி வருகிறவர்களுக்கு மட்டும்.

சீடர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஈரோட்டில் மயக்க மருந்து டாக்டர். எஞ்சினைப் பின்பக்கம் வைத்துச் செய்த அந்தப் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரின் மேல் மருத்துவக் கல்லூரி நாளிலேயே ஆசை. வீடு கட்டி, பெண்ணைக் கட்டிக் கொடுத்து, எல்லோருக்கும் எல்லாம் செய்து முடித்த பிறகு, போன வருடம்தான் வாங்கினார். காரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அதை வைத்திருப்பவர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

ஆரஞ்சு நிறம். வட்டக் கண். அவர் மனைவி சுலோச்சனா அதைத் 'தவளை' என்பாள். ஆனால் வாங்கிய புதிதில் தினமும் சாயங்காலம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு தவளையில் ஏறி உட்கார்ந்தவளும் அவள்தான்.

இன்றைக்கு அவள் தன் மாருதியை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்திருந்தாள். களத்தோரக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சுங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"திம்பம் மலையில ஒரு வளைவுங்க. கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். பாதி வளைவுல பயம் வந்துருச்சு. வண்டியோட பின்பக்கம் அப்பிடியே வீசிருச்சு. நின்னப்போ வண்டி வந்த வழியப் பாத்துட்டு நிக்குது. இவ பக்கத்துல இருக்கறா."

"நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டனுங்க," என்றாள் சுலோச்சனா. "அதுக்கப்பறம் அதுல ஏறல."

"பயம் வந்தப்போ கால் எங்கீங்க இருந்துச்சு டாக்டர்?"

"ஆக்சிலேட்டர்ல இருந்து எடுத்துட்டனுங்க."

"யாரு எடுக்கச் சொன்னது?"



"அன்னைல இருந்து வண்டி ஷெட்டுலதானுங்க," என்றாள் சுலோச்சனா. "தெனமும் காலையில துடைக்கறாரு, போர்வை போத்தறாரு. நான் சொல்லிட்டேன். ஓட்டுனா ஓட்டுங்க, இல்லீன்னா வித்துப்போடுங்க. வீட்டுக்குள்ள ஒரு பயத்தப் போத்திப் போத்தி வெச்சுக்க என்னால ஆகாதுன்னு."

"ஞாயித்துக்கிழமை கொச்சியில இருந்து ஒருத்தர் வர்றாருங்க, வண்டியப் பாக்க," என்றார் டாக்டர். "அதுக்குள்ள எனக்கு ஓட்ட வந்துட்டா வெச்சுக்குவேன். இல்லீன்னா குடுத்துருவேன்."

கொடுக்க மனசே இல்லை. அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

கோகிலவாணி காரின் முன்மூடியைத் திறந்தாள். எஞ்சின் பின்னால் இருப்பதால் அந்தக் காருக்கு டிக்கி முன்னால். உள்ளே ஒரு மூட்டை பொன்னி அரிசி இருந்தது.

"இது என்னுங்க?"

"பின்னாடி எடை ஜாஸ்திங்க. முன்னாடி கொஞ்சம் எடை வெச்சா நிதானமாப் போகும்னு..." டாக்டர் இழுத்தார்.

"போச்சுங்களா?"

"பாக்கலீங்க. அப்பறம் இன்னைக்குத்தான் வெளிய எடுத்தேன், அதும் மாட்டுவண்டி வேகத்துல."

கோகிலவாணி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒன்றுமில்லை.

"மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள்.

அன்றைக்கே பாடம் ஆரம்பித்தது. களத்தின் நடுவே ஒரு காலி டிரம்மை வைத்தாள். "இதைச் சுத்தி வட்டமா ஓட்டுங்க. பின்பக்கம் வழுக்கும். வழுக்கட்டும்."

டாக்டர் ஓட்டினார். சைக்கிள் போகும் வேகம்தான். ஆனாலும் அந்தத் தரையில் அது போதும். பின்பக்கம் மெல்ல வெளியே நழுவியது. டாக்டரின் வலது கால் சுடுசட்டியில் வைத்ததுபோல் துள்ளி மேலே வந்தது. கார் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, குருவைப் பார்த்து நின்றது.

"கால்?" என்றாள் குரு.

"எடுத்துட்டேன்."

மறுபடி ஓட்டினார். மறுபடி சுற்றினார். மழை விட்டது, பிடித்தது. டாக்டர் கிழக்கே பார்த்து நின்றார், மேற்கே பார்த்து நின்றார், ஒருமுறை மாட்டுக் கொட்டகையைப் பார்த்து நின்றார். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

"கால்?"

"எடுத்துட்டனுங்க."

கடைசியில் டாக்டருக்குக் கோபம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

"வெறுமனே 'கால், கால்'னா என்னுங்க அர்த்தம்? முறையா விளக்கிச் சொல்லுங்க அம்மிணி. நானும் படிச்சவன்தான். வளைவுல காலை எடுத்தா எடை முன்னாடி சாயும். பின்சக்கரம் லேசாயிரும். லேசான சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. எஞ்சின் பின்னாடி இருக்கறதால வாலு வீசும். அதனால வளைவுக்கு முன்னாடியே பிரேக் போட்டுரணும், உள்ள போனதுக்கப்பறம் காலை எடுக்கக் கூடாது. இதுல எது தப்பு?"

"ஒண்ணும் தப்பில்லீங்க. என்னை விட நல்லாச் சொல்றீங்க."

"அப்பறம்?"

"உங்க காலுக்கு இதைச் சொன்னீங்களா?"

டாக்டர் தன் காலைப் பார்த்தார். அதுவும் நனைந்துதான் இருந்தது.

மறுநாள் அவரைக் காரில் ஏறவே விடவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வாங்க டாக்டர்."

டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரத்தரையில் நடந்தார். முதலில் தடுமாறினார். பிறகு பழகிவிட்டது. பாதிக் களம் தாண்டினார். நடையில் கொஞ்சம் மிடுக்குகூட வந்தது.

"டாக்டர், பாம்பு," என்றாள் கோகிலவாணி. கத்தவில்லை. சும்மா சொன்னாள்.

டாக்டர் அப்படியே நின்றார். நின்ற காலோடு வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்தார்.

"பாம்பு எங்கீங்க?" உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குச் சொன்னீங்க?"

"இருந்திருந்தா மட்டும் விழாம இருந்திருப்பீங்களா?"

கொட்டகையிலிருந்து சுலோச்சனா சிரிக்கும் சத்தம் கேட்டது. மலையிலிருந்து இறங்கிய பிறகு அவள் அப்படிச் சிரித்து டாக்டர் கேட்டதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டே அவரும் சிரித்தார்.

ஆனால் மறுபடி காரில் உட்கார்ந்ததும் கால் தன் பழைய வேலையைக் காட்டியது. சிரிப்பும் புத்தியும் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலையில் நல்ல மழை. களம் முழுக்கக் கண்ணாடிபோல் வானம் தெரிந்தது. கொச்சிக்காரர் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்துவிட்டது. ஈரோடு வரை அலைய வேண்டாம், காங்கேயத்துக்கே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வட்டக் கண்ணில் இருந்த நீர்த்துளியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"எனக்கு வராதுங்க அம்மிணி," என்றார். "என் பொழப்பே ஜாக்கிரதையா இருக்கறதுதான். நான் அப்பிடியே ஆயிட்டேன். இந்த வண்டிக்குத் துணிச்சல் இருக்கறவன் வேணும். அந்த மனுசன் எடுத்துட்டுப் போகட்டும். நல்லா ஓட்டட்டும்."

கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

கோகிலவாணி இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். இத்தனை நாளில் அவள் காருக்குள் ஏறியது அதுதான் முதல் தடவை.

"ஓட்டுங்க," என்றாள்.

டாக்டர் ஏறினார். சாவியைத் திருப்பினார். பின்னால் எஞ்சின் கரகரத்து, பிறகு ஒரு சீராகப் பாடத் தொடங்கியது. டிரம்மைச் சுற்றி வட்டம் போட்டார். சைக்கிள் வேகம். அதற்குமேல் கொஞ்சம்.

"இன்னும்," என்றாள்.

கொடுத்தார். டயர்கள் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. இதோ வழுக்கப்போகிறது என்று தொடை இறுகியது.

கோகிலவாணி இருக்கையில் நன்றாகச் சாய்ந்தாள். இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"நூறு," என்றாள்.

"என்னுங்க?"

"தொண்ணூத்தொம்போது."

"அம்மிணி, கண்ணத் தொறங்க. வழுக்கப் போகுது."

"தொண்ணூத்தெட்டு."

டாக்டருக்கு அந்த எண்ணிக்கை தெரியும். மேஜையில் படுத்தவர்களை இத்தனை வருடமாக அவர்தான் அப்படி எண்ணச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நூறிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே அவர்கள் கண்ணை மூடுவார்கள். தொண்ணூறைத் தாண்டி இறங்கியவர்கள் அபூர்வம். அதன்பிறகு அவர்கள் மூச்சு அவர் பொறுப்பு. ரத்த அழுத்தம் விழும், கருவிகள் கத்தும், கத்தி பிடித்த டாக்டரே கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்.

"தொண்ணூத்தேழு... தொண்ணூத்..."

குரல் குழறியது. கோகிலவாணியின் தலை ஒருபக்கம் சாய்ந்தது.

பின்பக்கம் வழுக்கியது.

கார் கொட்டகைப் பக்கம் திரும்பியபோது சுலோச்சனா அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் அவள் பார்த்தே இராத முகம். அதில் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. பயத்தைக் கவனிக்க அங்கே ஆள் இல்லை.

கால் இருந்த இடத்தில் இருந்தது.

கை தானாக ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பி, அங்கேயே பிடித்தது. கார் சுற்றவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தபடியே, தண்ணீரை விசிறியடித்துக்கொண்டு, டிரம்மைச் சுற்றி வந்தது. எஞ்சினின் பாட்டு ஒரு படி மேலே ஏறியது. ஒரு வட்டம் முடிந்தது. கால் அங்கேயே இருந்தது. இரண்டாவது வட்டத்தில் டாக்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். யாரும் சொல்லாமலே அழுத்தினார். ஆரஞ்சு நிறம் ஈரக் களம் முழுக்கத் தலைகீழாக ஓடியது.

சுலோச்சனாவின் மடியில் இருந்த டாக்டரின் போன் அடித்தது. கொச்சிக்காரர். பாலக்காடு தாண்டிவிட்டாராம்.

"சிரமம் குடுத்துட்டோம், மன்னிச்சுக்குங்க," என்றாள் சுலோச்சனா, காரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வண்டி குடுக்கறதா இல்லீங்க."

களத்தில் கார் போதும் போதும் என்னும்வரை சுற்றியது. பிறகு வேகம் குறைந்து, நேராகி, கொட்டகை வாசலில் அலுங்காமல் வந்து நின்றது. டாக்டர் எஞ்சினை அணைத்தார். மேல்மூச்சு வாங்கியது. பக்கத்து இருக்கைப் பக்கம் குனிந்து, வேலை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் சொல்வதைச் சொன்னார்.

"முடிஞ்சுதுங்க அம்மிணி. கண்ணத் தொறங்க."

கோகிலவாணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வலிக்கவே இல்லீங்க டாக்டர்," என்றாள்.

இறங்கினாள். வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்காமல் நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

டாக்டர் அவள் பின்னால் ஓடி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் இடதுபக்கக் கதவு மறுபடி திறந்தது. சுலோச்சனா புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினாள்.

"எங்க?" என்றார் டாக்டர்.

"திம்பத்துக்குத்தான். வேற எங்க?"

டாக்டர் சாவியைத் தொட்டார். திருப்பவில்லை.

"பயமா இருந்தா சொல்லிரு சுலோச்சனா."

"இருக்குதுங்க," என்றாள் அவள். "ஓட்டுங்க."