ஜான்சி ராணிக்கு மோர்

காலை பதினொரு மணி. கொல்லிமலை அடிவாரத்தில் குணசீல அடிகளின் ஆசிரமத்தில் அன்று ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பூங்கோதை. வயது நாற்பத்தெட்டு. அடிகளைவிட மூத்தவர்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் இதற்கு முன் யாராக இருந்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊர், சாதி, வேலை, குடும்பம் எதுவும் கிடையாது. சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அடிகளிடம் தனியாகச் சொல்லலாம். பூங்கோதை வந்த முதல் வாரமே நிறையச் சொல்லியிருந்தார். பேச்சுவாக்கில் அவருடைய பள்ளிக்கூடத்து நாட்களும் வந்தன. இருவரும் சிரித்தார்கள்.

அன்று அவர் கேட்க வந்தது மகளைப் பற்றி.

மகள் சுடர்க்கொடி சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். சின்ன வயதில் அவள் செய்த சேட்டைகளையெல்லாம் பூங்கோதை வீடியோ எடுத்து ‘சுட்டிச் சுடர்’ என்ற பெயரில் இணையத்தில் போட்டு வந்தார். வாய் முழுக்க சாக்லேட்டை அப்பிக்கொண்டு, “நான் திங்கல, சத்தியமா திங்கல” என்று அவள் அழுவதை மட்டும் நாற்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கல்லூரியில் மாதிரி வழக்கு ஒன்றில் சுடர்க்கொடி வாதாட எழுந்தபோது, பின்வரிசையில் யாரோ அதை ஓடவிட்டார்கள். நீதிபதியாக உட்கார்ந்திருந்த பேராசிரியரும் சிரித்துவிட்டார்.

அன்று மாலை அம்மாவுக்கு ஒரு செய்தி வந்தது. “வக்கீலாப் பதிவு பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துடு. இல்லேன்னா பேரை மாத்திக்குவேன். புதுப் பேரு உனக்குத் தெரியாது.”

“எடுக்கலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்கய்யா” என்றார் பூங்கோதை.

“உங்களுக்கு என்ன தோணுது?”

“யாரும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லைங்க. அத்தனை பேரும் ரசிச்சாங்க. ஊரே அவளைத் தன் புள்ளை மாதிரி நினைச்சுது.”

“சரி.”

“இவளுக்கு மட்டுமா நடந்துச்சு? இவ வயசுல இருக்கற பாதிப் பேரோட சின்ன வயசு நெட்லதான் கிடக்குது. அப்படியே எடுத்தாலும் என்ன பிரயோசனம்? பலபேர் அதை எடுத்து அவங்கவங்க பக்கத்துல போட்டுட்டாங்க.”

அடிகள் எழுந்தார்.

“சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. வாங்கம்மா” என்றார்.

பந்தியில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு அடிகள் பொதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“நம்ம பூங்கோதையம்மா மூணாங்கிளாஸ்ல ஜான்சி ராணி வேஷம் போட்டாங்களாம். கையில அட்டைக் கத்தி. மேடையில ஏறி, ‘வெள்ளையனே வெளியேறு’ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பாவாடை நனைஞ்சுபோச்சு. கத்தியால மறைச்சுக்கிட்டே அழுதாங்களாம்.”

ஒன்பது பேரில் எட்டுப் பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். மோர் ஊற்றிக்கொண்டிருந்த தங்கவேலு, பழைய பஸ் கண்டக்டர், இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஜான்சி ராணிக்கு மோர் ஊத்தலாங்களா? இல்ல, வேண்டாங்களா? அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லப்படாது.”

பூங்கோதையும் சிரித்து வைத்தார்.

மறுநாளும் அடிகள் அதைச் சொன்னார். அதற்கடுத்த நாள் பால் கொண்டுவந்தவரிடம் சொன்னார். வாசலில் நின்ற மின்வாரிய ஆளிடமும் சொன்னார். வாரக் கடைசியில் திருச்செங்கோட்டிலிருந்து புதிதாக ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். பெட்டியைக் கீழே வைக்கும்போதே பூங்கோதையைப் பார்த்து, “ஓ, அது நீங்கதானா?” என்றார். அன்பாகத்தான் கேட்டார்.

அன்று மத்தியானம் பூங்கோதை சாப்பிட வரவில்லை. நேராக அடிகளின் அறைக்குப் போனார்.

“அதை நான் உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

“ஆமாம்மா.”

“இங்க யார்கிட்டயும் பழசைக் கேக்கறதில்லைன்னு சொன்னது நீங்கதானே?”

“யாரும் கேக்கலையே. நானாத்தான் சொன்னேன்.”

“எதுக்குங்கய்யா?”

“கேக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. எல்லாரும் ரசிச்சாங்க. ஒருத்தர் தப்பாச் சொல்லலை. உங்க மேல எல்லாருக்கும் பிரியம் கூடித்தான் இருக்கு.”

“எனக்கு அப்ப எட்டு வயசு.”

“ஆமா.”

“இப்ப நான் சாமி கும்பிட உக்காந்தாக்கூட அந்தப் புள்ளையைத்தான் பாக்கறாங்க. நான் என்ன பேசினாலும் அதுக்கப்புறந்தான் காதுல விழுது.”

வெளியே பந்தியில் தங்கவேலு யாரையோ கேலி செய்துகொண்டிருந்தார்.

“நிறுத்திடுங்க” என்றார் பூங்கோதை.

“நிறுத்தறேன்.”

பூங்கோதை எழுந்தார். கதவு வரை போய் நின்றார். குரல் இறங்கியிருந்தது.

“இனிமே நிறுத்தி என்ன ஆகப் போகுது? எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சே. இங்கிருந்து போறவங்க போற இடத்துலயெல்லாம் சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்க” என்றார் அடிகள். “அப்ப நானும் சொல்லிக்கிட்டே இருக்கட்டுமாம்மா?”

பூங்கோதை தன் அறைக்குப் போய் போனை எடுத்தார்.

‘சுட்டிச் சுடர்’ அந்த வாரமே நீக்கப்பட்டது. சாக்லேட் வீடியோவின் பிரதிகள் வேறு சில பக்கங்களில் இன்னும் இருக்கின்றன. ஜூன் 14ஆம் தேதி சென்னையில் வழக்கறிஞர்களாகப் பதிவு செய்துகொண்டவர்களில் சுடர்க்கொடியும் ஒருவர். அந்தப் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார்.