அரசர் குடையும் அக்கரைப் பரிசலும்

முன்னொரு காலத்தில், பேராறு பாய்ந்த ஒரு தேசத்தை விசயகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும், அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரர். ஒருமுறை ஆற்றோடு படகில் போய்வந்தார். வழி நெடுக ஊர்கள். ஓர் ஊரில் சாயத்தறி, ஓர் ஊரில் வெண்கல வார்ப்பு, இன்னோர் ஊரில் விடிய விடியக் கூத்து. எங்கே பார்த்தாலும் ஜனம். பார்த்தவருக்குத் தன் பெயரிலும் ஆற்றங்கரையில் ஒரு நகரம் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பொறுப்பு அமைச்சர் அனந்தராயரிடம் போயிற்று. அவர் கட்டினார். அடேயப்பா, என்ன கட்டு! மாடமாளிகை, கடைவீதி, கூத்துமேடை, முகம் பார்க்கும்படியான பளிங்குப் படித்துறை. விசயகேதுபுரம் என்று பெயரும் வைத்தாயிற்று. எல்லாம் இருந்தது, ஆள்தான் இல்லை. கடை போட்டவர்கள் ஈ ஓட்டிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டினார்கள்.

அரசவையில் விகடம் பேசும் சடகோபனுக்கு வாய் சும்மா இருக்குமா? "மன்னா, விசயகேதுபுரத்தில் வௌவால்கள் மிகவும் சௌக்கியம். குடிமக்களில் அவைதான் பெரும்பான்மை" என்று ஒருநாள் சொல்லிவைத்தான். சபை கொல்லென்று சிரித்தது. அனந்தராயருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அரசே, குறை சொல்வது எளிது" என்று அவர் எழுந்தார். "வரும் பௌர்ணமி விழா வரை அந்த நகரத்தைச் சடகோபனிடமே ஒப்படையுங்கள். கஜானாவைத் தொடக்கூடாது. ஒரு கல்லையும் அசைக்கக்கூடாது. நகரத்துக்கு நான் போட்ட உத்தரவுகளில் ஓர் எழுத்தும் மாறாமல் நிறைவேற்ற வேண்டும். அப்படிச் செய்து ஜனங்களை வரவழைக்கட்டும், பார்க்கலாம்."

அரசருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "சடகோபா, பௌர்ணமியன்று நான் வருவேன். ஊர் நிறைந்திருக்க வேண்டும். இல்லையேல் நீ என் தேசத்தில் இருக்கலாகாது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று சடகோபன் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி அலமேலு தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன? அடுப்பையும் ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கிட்டு எந்த தேசத்துக்குப் போறது?" என்று அழுதேவிட்டாள். சடகோபன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

விசயகேதுபுரத்துப் படித்துறையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பரிசல்கள் தட்டாமாலை சுற்றிக்கொண்டு போயின. மஞ்சள், தேன், மூங்கில் என்று மலைநாட்டுச் சரக்கெல்லாம் போயிற்று. ஒரு பரிசலாவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே! எல்லாம் எதிர்க்கரைக் குச்சு வீடுகளைப் பார்த்தே ஒதுங்கின. அங்கே புகை எழுந்தது, பறைச்சத்தம் கேட்டது. பளிங்குப் படியை விட்டுவிட்டுச் சேற்றில் போய் இறங்குகிறார்களே, இவர்களுக்கு என்ன வந்தது? கவலை ஒரு பக்கம் இருக்க, தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது அவனுக்கு. நீந்தியே அக்கரை போய்ச் சேர்ந்தான்.

அங்கே செம்பாயி என்ற பரிசல்காரி, கவிழ்த்துப் போட்ட பரிசலின் தோலில் குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எங்க ஊர்ப் படித்துறைக்கு என்ன குறைச்சல்?"

"உங்க ஊர்ல எங்களுக்கு என்னங்க சோலி?" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "ஆத்தோட வரையில தண்ணியே எங்களை இழுத்துக்கிட்டு வந்துருது. திரும்பிப் போறப்ப எதுத்துத் துடுப்புப் போட முடியுமா? பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு நடக்கணும். ஊறுன தோலோட தூக்குனா கழுத்து முறிஞ்சு போயிருமுங்க. அதனால இப்படிக் கவுத்துப் போட்டுக் காயவைக்கிறோம்."

"காயும்வரை?"

"என்ன பண்ணுவாங்க? சோறாக்குவோம். உப்பு விக்கிறவன் வருவான், சீலைக்காரன் வருவான். பசியாறுனா நாலு பேரு பாடத்தானே செய்வாங்க? எனக்குத் தெரிஞ்சு கீழாத்துல இருக்கிற ஊரெல்லாம் இப்படித்தானுங்க உண்டாச்சு. பரிசல் காயுற எடத்துல கடை, கடை இருக்கிற எடத்துல வீடு."

"அதை எங்க படித்துறையிலும் செய்யலாமே?"

செம்பாயி இப்போதுதான் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கதான் தண்டோரா போட்டாங்களே! கவுத்த பாத்திரம் அமங்கலமாம். ஊருக்குள்ள குழிவா இருக்கிற ஒண்ணையும் கவுத்து வைக்கக்கூடாதாம். என் மச்சான் பரிசலைக் காவக்காரன் உதைச்சே உடைச்சுப்புட்டான், தெரியுமா?"

அனந்தராயரே, உம்முடைய சாஸ்திரமே சாஸ்திரம்! சடகோபன் ஈரவேட்டியோடு அங்கேயே ஒரு குதி குதித்தான். "அம்மா, பௌர்ணமியன்று உன் ஆட்களோடு கரையில் காத்திரு. நான் துண்டை வீசினால் வா. இல்லாவிட்டால் என்னை இனி நீ பார்க்கமாட்டாய்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

பௌர்ணமியன்று உச்சி வெயிலில் அரசர் பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார். வீதியில் ஒரு குருவி இல்லை. அனந்தராயர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நகர வாசலில் சடகோபன் கோலும் கையுமாக நின்றான்.

"எங்கே ஜனங்கள்?" என்று அரசர் உறுமினார்.

"சொல்கிறேன், மன்னா. அதற்குமுன் என் கடமை ஒன்று. குழிவான எதையும் இந்த நகரத்தில் கவிழ்த்து வைக்கலாகாது என்பது அமைச்சர் உத்தரவு. தங்கள் குடையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள்."

பரிவாரம் திகைத்தது. ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று சபையில் ஒப்புக்கொண்டது அரசருக்கு நினைவிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். வெண்கொற்றக்குடை காம்பு மேலே, துணி கீழே என்று திரும்பியது. வெயில் அரசர் உச்சியில் இறங்கியது.

"அமைச்சரின் தலைப்பாகையும் அப்படியே. கழற்றித் திருப்பிக் கையில் ஏந்துங்கள், ஐயா."

அனந்தராயரின் வழுக்கை பளபளத்தது. வேறு வழியில்லாமல் தலைப்பாகையை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். சோறு கேட்டு வந்தவர் கோலம்தான், அச்சு அசல். அரசருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

"மண்டபத்துக்குள் போவோம்" என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

"மண்டபத்தின் கும்மட்டமும் கவிழ்த்ததுதானே, மன்னா? திருப்பியிருப்பேன். கல்லை அசைக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே பூட்டிவிட்டேன்."

"இப்படி ஓர் உத்தரவை எந்த மூடன் போட்டான்?" என்று அரசர் கத்தியேவிட்டார்.

சடகோபன் அனந்தராயரைக் காட்டினான். பிறகு ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய், எதிர்க்கரையில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்த பரிசல்களைக் காட்டி, செம்பாயி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். அரசர் கோபத்தை மறந்தார். தோல் எத்தனை நேரம் காயும், மலையிலிருந்து எவ்வளவு தூரம் நடப்பார்கள், என்ன பாடுவார்கள் என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். "அவர்களையே கேட்க வேண்டும் போலிருக்கிறதே! இந்த நிமிஷமே அந்த உத்தரவு ரத்து" என்றார்.

சடகோபன் துண்டை வீசினான். ஒன்றும் அசையவில்லை. உதைபட்டவர்கள் லேசில் நம்புவார்களா? மறுபடி வீசினான். அப்போது ஒரே ஒரு பரிசல் புறப்பட்டது.

செம்பாயி பளிங்குப் படியில் ஏறினாள். அரசரைப் பார்த்தாள், காவல்காரனைப் பார்த்தாள். அரசர் கண்ணெதிரிலேயே பரிசலைப் படார் என்று கவிழ்த்துப் போட்டாள். காவல்காரன் காலைத் தூக்கப்போனான். "தொடாதே!" என்றார் அரசர். அவ்வளவுதான், அக்கரையே பெயர்ந்து இக்கரைக்கு வந்துவிட்டது. உப்புக்காரன் வந்தான், சீலைக்காரன் வந்தான். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனையில் அரசருக்கே நாவூறியது. கூத்துமேடையில் யாரோ ஏறிப் பாட, பொழுது சாயும்வரை அவர் இடத்தைவிட்டு எழவில்லை.

"சடகோபா, நீ எங்கேயும் போகவேண்டாம். ஒரு பரிசல் கொள்ளும் மட்டும் பொன்னும் பட்டும் தந்தேன்" என்றார்.

அனந்தராயரால் பொறுக்க முடியவில்லை. படித்துறையைக் காட்டினார். "அரசே, பரிசல்கள் எல்லாம் கவிழ்ந்தல்லவா கிடக்கின்றன? அவற்றில் என்ன கொள்ளும்?"

செம்பாயி தன் பரிசலை விரலால் தட்டிப் பார்த்தாள். "காஞ்சிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே அதைப் புரட்டி, சடகோபன் முன்னால் நிமிர்த்தி வைத்தாள்.

அரசர் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பரிசல் நிறைந்தது. அன்றிரவு அலமேலு, கட்டிவைத்திருந்த சாமான் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.