கடைசி எழுத்தில் நூறு சொற்கள்

செவ்வந்திக்குளம் சமஸ்தானத்து ராஜா கஜேந்திர பூபதிக்கு இங்கிலீஷில் பிடித்தது கடைசி எழுத்து ஒன்றுதான். இஜட். முதல் எழுத்தைத்தான் ஊரெல்லாம் படிக்கிறதே, அது ராஜாவுக்கு என்ன அழகு என்று நினைத்தார். அதனால் பட்டணத்திலிருந்து, துரைமார் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி கோவர்த்தனத்தை வரவழைத்தார். அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லாக நூறு வேண்டும், பொருளோடு வேண்டும், நாளுக்கு ஐந்தாகச் சபைக்கே சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. ஜீப்ரா என்றால் வரிக்குதிரை. ஜீரோ என்றால் சுழி. ஜிங்க், துத்தநாகம். ஜீல், ஊக்கம். ஜோன், மண்டலம். மறுநாள் ஜெனித் வந்தது. அது வானத்தின் உச்சி. ஜெஃபிர் வந்தது, மெல்லிய மேல்காற்று. ஜிக்ஜாக் என்றால் இப்படியும் அப்படியுமாக வளைந்து போவது.

அதற்கப்புறம் துபாஷி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு, ஜாம்பிட் என்றார். யானை தும்முவதாம். சபை எழுதிக்கொண்டது. ஜூவாக் என்றால் பல்லக்குத் தூக்குகிறவன் தோளில் விழும் தழும்பு. அதையும் எழுதிக்கொண்டது. ஒரு வாரம் கழித்து ஜிலோரா வந்தது. பலாச்சுளை எடுக்கும்போது கையில் பிசின் ஒட்டிக்கொள்ளுமே, அது.

இருபது நாள் முடிந்ததும் ராஜா பரீட்சை வைத்தார். பாதியாவது சொல்லாதவருக்குச் சபையில் இடமில்லை. எல்லோரும் எப்படியோ ஒப்பித்துவிட்டார்கள். கட்டியக்காரர் ஆவுடையப்பன் மட்டும் பதினாறில் நின்றுவிட்டார். ராஜாவுக்கு முன்னால் வெள்ளித்தடியோடு நடந்து விருதுப் பெயர்களை முழங்குவது அவர் வேலை. நாற்பது வருஷமாக அதுதான் அவருக்குச் சோறு. அவர் குரல் கேட்டால் யானை ஒதுங்கி வழிவிடும். புதுச் சொல்தான் மண்டையில் நிற்கவில்லை.

தடியைக் கீழே வைத்துவிட்டுப் போகச் சொன்னார் ராஜா.  ஆவுடையப்பன் தடியை மேல்துண்டால் ஒருமுறை துடைத்தார். குனிந்து கீழே வைத்தார்.

அப்போது திருமலைக்கொழுந்து எழுந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்கிறவர் அவர். நூறு சொல்லையும் பிசகாமல் ஒப்பித்தவரும் அவர்தான்.

"மகாராஜா, இந்த நூறையும் நமக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெள்ளிக்கிழமை கலெக்டர் துரை வருகிறார். கட்டியத்திலேயே சேர்த்துவிடலாமே."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாமா என்று கேட்டார். எல்லாமும்தான் என்றார் திருமலைக்கொழுந்து.

"அரண்மனை வழக்கம் ஒன்று இருக்கிறது. கட்டியத்தில் புதுச் சொல் சேர்த்தால், அந்தச் சொல்லைக் கொடுத்தவர் விருந்தாளி பக்கத்திலேயே நின்று பொருள் சொல்ல வேண்டும். துபாஷி துரைக்குப் பக்கத்தில் நிற்கட்டும்."

கோவர்த்தனத்துக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, துரை பிறந்த பக்கத்தில் அந்தக் கடைசி எழுத்து அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை என்றார்.

"அப்படியானால் நாமே சொல்லிக்கொடுப்போம்" என்றார் ராஜா.

இதெல்லாம் பழைய சொற்கள், துரைக்கோ வயசு கம்மி என்று இழுத்தார் துபாஷி. இருபது நாள் தங்கினால் வந்துவிடும் என்றார் ராஜா.

திருமலைக்கொழுந்து துபாஷியின் பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா, மறைக்காமல் சொல்லும். துரை காதில் விழத்தக்கது எத்தனை?"

"எட்டு."

"மற்றத் தொண்ணூற்றிரண்டு?"

கோவர்த்தனம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒன்றும் போகவில்லை.

"நான் உண்டாக்கினவை" என்றார். "எட்டோடு எனக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிற்று. மகாராஜா நூறு கேட்டிருக்கும்போது எட்டுதான் என்று எந்த வாயால் சொல்வது?"

சபையில் இருந்தவர்கள் தங்கள் ஏடுகளை மெல்ல மூடினார்கள். ராஜா திருமலைக்கொழுந்தின் பக்கம் திரும்பினார். உமக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார்.

"ஓர் எழுத்தும் தெரியாது, மகாராஜா. பலாப்பிசினுக்குச் சொல் வந்ததும்தான் சந்தேகம் தட்டிற்று. பலா மரமே இல்லாத ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழே வண்டியிலிருந்து பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தார்கள்."

ராஜா ஆவுடையப்பனைப் பார்த்து, தடி ஏன் கீழே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளும் என்றார். அவர் எடுத்துக்கொண்டார். துபாஷியை அன்றைக்கே பட்டணத்துக்கு வண்டியேற்றச் சொன்னார் ராஜா. திருமலைக்கொழுந்து குறுக்கே வந்தார்.

"அவர் இங்கேயே இருக்கட்டும், மகாராஜா."

"இல்லாததை இட்டுக்கட்டுகிறவருக்கு அரண்மனையில் என்ன வேலை?"

"கட்டியம் எழுதும் வேலை. ஏழு கடல் கடந்த சிங்கமே என்று ஆவுடையப்பனார் தினமும் முழங்குகிறார். மகாராஜா நம் குளத்தில் அக்கரைக்குப் பரிசல் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்."

 ராஜா அவரை முறைத்தார். அப்புறம் தோள் குலுங்கிற்று. தலைப்பாகை சரிய ஒரு சிரிப்புச் சிரித்தார். போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றித் திருமலைக்கொழுந்துக்குப் போட்டார். துபாஷி இருக்கலாம் என்றார்.

சபை கலைந்தது. வாசல்வரை போன ராஜா நின்று, ஆவுடையப்பனை அருகே கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை அந்த ஏழு கடலை மட்டும் விட்டுவிடும். துரை கப்பலில் வந்தவர். எந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்பார்."