பேட்டரிக்கு வைத்த சந்தனம்

"மாஸ்டர், எந்தக் கம்பெனி பேட்டரி டிரில் நல்லதுங்க?"

பட்டறைக்குள் கால் வைக்கும்போதே சென்னியப்பன் கேட்டார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் மரவேலை பழக வந்தவர் அவர். பழக்கிவிடும் கோகிலவாணி, மெஷின் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர், அவரைவிடச் சின்னவர். வயசுக்குச் சென்னியப்பன் அண்ணன், வேலைக்குச் சிஷ்யன்.

கோகிலவாணி ஒரு கிரைண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருக்கறதுக்கு என்னாச்சுங்ணா?"

"செத்துப்போச்சுங்க. ரெண்டு பேட்டரியும், ஒரே நாள்ல."

"அவ்வளவு ஒத்துமையாவா?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி பாவாத்தாள் இடுப்பு ஆபரேஷன் முடிந்து சாயங்காலம் வீடு திரும்புகிறாள். அவள் வழுக்கி விழுந்தது பாத்ரூமில்தான். திரும்பி வருவதற்குள் அங்கே சுவரில் ஓட்டை போட்டுக் கைப்பிடிக் கம்பி மாட்டிவிடுவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வாக்குக் கொடுத்திருந்தார். இன்றைக்குப் பார்த்து ஊர் முழுக்கப் பவர் ஷட்டவுன். ஒயர் வைத்த மெஷினை இரவல் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

"புதுசே வாங்கீர்றனுங்க. இருக்கறதுலயே பெருசு எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பெருசைத் தூக்கிப் புடிச்சா கைதான் நடுங்கும். வேற கம்பெனின்னா உங்க பழைய பேட்டரி அதுல சேராது. புதுப் பேட்டரிக்கு எங்க போய்ச் சார்ஜ் போடுவீங்க, இன்னைக்கு?"

சென்னியப்பனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

கோகிலவாணி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"கொண்டாங்க, பாக்கலாம்."

டிரில்லும் பேட்டரி இரண்டும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தன. ஸ்கூட்டர் வெயிலில் நின்றிருந்தது. சென்னியப்பன் எடுத்துவந்ததும் கோகிலவாணி ஒரு பேட்டரியை வாங்கி, திரும்ப அவர் உள்ளங்கையிலேயே வைத்தார்.

"எப்படி இருக்குதுங்க?"

"சுடுதுங்க."

"பஸ் இன்ஜின் கொதிச்சா என்ன பண்ணுவீங்க?"

"ஓரங்கட்டிருவனுங்க. ஆறட்டும்னு உட்டுருவேன்."

"பயணிங்க கத்துனா?"

"கத்தட்டும்னு டீ குடிக்கப் போயிருவேன்."

கோகிலவாணி பேட்டரிகளை நிழலில், சிமெண்டுத் தரையில் வைத்தார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தார். சென்னியப்பன் அதைத் தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு அது டீ என்பதுகூடத் தெரிந்திருக்காது.

சூடு தணிந்தது. கோகிலவாணி பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பினார். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற பித்தளைத் தகடுகள் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

"இது என்னதுங்ணா?"

"சந்தனமுங்க. முந்தாநாள் ஆயுத பூஜை இல்லீங்களா?"

"பூஜைக்கு முந்தி ஓடுச்சா?"

"ஜம்முன்னு ஓடுச்சுங்க."

"அந்தப் பேட்டரிக்கும் வெச்சீங்களா?"

"ஓரவஞ்சனை பண்ணலாங்களா? ரெண்டுக்கும் ஒரே மாதிரிதானுங்க வெச்சேன்."

"சார்ஜருக்கு?"

"அதுக்குக் குங்குமமும் சேத்தி வெச்சனுங்க."

கோகிலவாணி கண்ணை மூடித் திறந்தார்.

"சாமிக்கு வாய்லயாங்ணா பொட்டு வைப்பீங்க?"

சென்னியப்பன் பதறிப்போய்த் துணியை நனைக்கக் குழாய்க்கு ஓடினார். கோகிலவாணி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர் ஆகாது. காய்ந்த பழைய பல் பிரஷால் தகடுகளை மெல்லச் சுரண்டினார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். காயவிட்டு, பேட்டரியை மெஷினில் சொருகி, சென்னியப்பனிடம் நீட்டினார்.

சென்னியப்பன் பயந்துகொண்டே விசையை அழுத்தினார்.

ஓடியது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா" என்றார். கண் கலங்கியதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப பூஜையே பண்ணக்கூடாதுங்களா, மாஸ்டர்?"

கோகிலவாணி அலமாரியிலிருந்த தன் டிரில்லை எடுத்துக் காட்டினார். முதுகில் சின்னதாய் ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

அன்று பட்டறைக்கும் கரண்ட் இல்லை. கோகிலவாணி ஷட்டரை இறக்கிவிட்டுச் சென்னியப்பன் வீட்டுக்குக் கூடவே வந்தார். டைல்ஸ் வெடிக்காமல் ஓட்டை போட அவர் வழி சொன்னார், சென்னியப்பன் போட்டார். கம்பி உறுதியாக நின்றது. இரண்டு பேரும் மாறி மாறித் தொங்கிப் பார்த்தார்கள்.

"கரண்ட் வந்ததும் சார்ஜ் ஃபுல்லா ஏத்தி வெச்சர்றனுங்க."

"வேலை இல்லாதப்ப எதுக்கு ஃபுல்லு? பாதி போதும். கழட்டி நிழல்ல வைங்க."

வாசலில் கார் வந்து நின்றது.

பாவாத்தாள் வாக்கரை ஊன்றி மெல்ல மெல்ல நடந்து பாத்ரூம் வாசல் வரை வந்தாள். வாக்கர் அந்தக் கதவுக்குள் நுழையாது. அதைப் பக்கத்தில் விட்டாள். கம்பி வலப்பக்கச் சுவரில் இருந்தது. சென்னியப்பன் பாய்ந்து அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டார்.

அவள் நகரவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"பயப்படாத. நான்தான் புடிச்சிருக்கறனல்ல."

"அதுதானுங்க" என்றாள் பாவாத்தாள். "கைய நீங்க புடிச்சுக்கிட்டா, நான் கம்பிய எதுலீங்க புடிக்கறது?"

சென்னியப்பன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். கோகிலவாணி அந்தப் பக்கம் திரும்பி, மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் கையை எடுத்தார்.