கருங்கல் கோஷ்டிக்கு வந்த நாற்பது கருத்துகள்

திண்டுக்கல்லிலிருந்து தெற்கே போனால் முண்டம்பாறை என்று ஓர் ஊர் வரும். வராவிட்டால் நீங்கள் வேறு பக்கம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அந்த ஊரில் நாலு பேர் இருந்தார்கள். நல்லவர்கள். ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காதவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி கேட்பவர்கள். இந்தக் கடைசிக் குணத்தால் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நாலு பேரும் சேர்ந்து ஹார்ட் ராக் வாசித்தார்கள். கிதாரும் டிரம்ஸும் போட்டி போட்டுக்கொண்டு இரைய, நடுவில் ஒருவர் தொண்டை கிழியப் பாடுகிற இசை அது. கோஷ்டிக்குப் பெயர் கருங்கல். பாடுகிறவர் அருளப்பன், நாலு பேரில் மூத்தவர், அதனால் மற்ற மூவருக்கும் அண்ணன். சிகாமணி கிதார். துரைக்கண்ணு, கம்பி தடிமனாக இருக்கும் பேஸ் கிதார். பரமானந்தம் டிரம்ஸ்.

‘முதல் வெடி’ என்று அவர்கள் போட்ட முதல் ஆல்பம் நன்றாகவே ஓடியது. கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் கேட்டார்கள். ஒரு கோழிப்பண்ணைக்காரர் மட்டும் தன் கோழிகள் முட்டையிட மறுப்பதாக எழுதியிருந்தார். அடுத்த வருஷம் ‘ரெண்டாம் வெடி’ வந்தது. வந்த ஒரே வாரத்தில் நேயர்கள் இணையத்தில் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். மொத்தம் நாற்பது கருத்து. கோழிப்பண்ணைக்காரர் மட்டும்தான் பாராட்டியிருந்தார். இந்த முறை கோழிகள் தூங்கிவிட்டனவாம்.

ஆல்பத்தை வெளியிட்ட வாசுகி மேடம் நாற்பதையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

“அருளப்பன், வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கச்சேரி. இந்த ஆல்பத்தை ஜனங்க முன்னாடி வாசிக்கப் போறீங்க. அதுவும் சொதப்பிச்சுன்னா மூணாவது ஆல்பம் கிடையாது. கோஷ்டியைக் கலைச்சிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருங்க. நேயர்கள் சொல்றதை ஒரு எழுத்து விடாம படிச்சு, அதுபடி சரிபண்ணுங்க.”

“ஒரு எழுத்தும் விடமாட்டோம் மேடம்” என்றார் அருளப்பன்.

அரிசி ஆலையின் பின்பக்கத்துக் கொட்டகைதான் அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடம். அங்கே உட்கார்ந்து தாளைப் பிரித்தார்கள். ஒரு எழுத்தும் விடக்கூடாது என்பதால் எழுத்தெழுத்தாகவே படித்தார்கள். முதல் கருத்தைப் படித்து முடிப்பதற்குள் வாங்கி வைத்திருந்த பூரி வறண்டுவிட்டது.

முதல் கருத்து: ‘பாட்டு உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது.’

“நியாயம்தான்” என்றான் துரைக்கண்ணு. “நாம உப்பு போடவே இல்லையே.”

“பொடி உப்பா, கல் உப்பா?” என்று கேட்டான் பரமானந்தம்.

அருளப்பன் கண்ணை மூடி யோசித்தார். “நம்ம கோஷ்டி பேரு கருங்கல். கல் உப்புதான் பொருத்தம்.”

அதில் யாருக்கும் மறுப்பில்லை. சப்பு என்றால் என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. சிகாமணி மளிகைக்கடைக்குப் போய் இரண்டு கிலோ கல் உப்பும் அரைக் கிலோ சப்பும் கேட்டான். கடைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். உப்பை நிறுத்துப் போட்டுவிட்டு நாலு சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

“எழுத்துப் பிழையா இருக்கும். சோப்பைத்தான் சப்புன்னு எழுதியிருக்காங்க” என்றார் அருளப்பன். எழுதியவர்மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

உப்பை ஸ்பீக்கர்களின் மேல் கொட்டினார்கள். சோப்பைக் கிதார் கம்பிகளில் தேய்த்தார்கள். சிகாமணி வாசித்தபோது விரல் ஒரு முனையில் வழுக்கி மறுமுனையில் போய் நின்றது. ஸ்பீக்கர் மேல் உப்பு தாளம் தப்பாமல் குதித்தது. நாலு பேருக்கும் பரம திருப்தி. முதல் கருத்துக்கு நேரே ஒரு டிக் போட்டார்கள்.

ஐந்தாவது கருத்து சற்றுச் சிக்கலானது. ‘டிரம்ஸ் பாடகரின் குரலை முழுங்கிவிட்டது.’

எல்லோரும் பரமானந்தத்தைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியாதுண்ணே” என்றான் அவன். “நான் அடிக்கிறதோட சரி. அது என்ன திங்குது, என்ன முழுங்குதுன்னு நான் பாக்குறது இல்ல.”

“உன்னை யாரும் குத்தம் சொல்லலப்பா. தெறந்து பாப்போம்.”

பெரிய டிரம்மின் தோலைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு தலையணை இருந்தது. சத்தம் அதிராமல் இருக்கப் பரமானந்தமே வைத்ததுதான். அதை அவன் மறந்துபோயிருந்தான்.

“தலையணையே முழுங்கியிருக்குன்னா குரல் எம்மாத்திரம்” என்றான் துரைக்கண்ணு.

தலையணையை எடுத்துவிட்டு அருளப்பன் தலையை உள்ளே விட்டுத் தேடினார். “ஒண்ணுமே தெரியலையேடா” என்றார்.

வெளியே நின்ற மூவரும் திகைத்துப் போனார்கள். அண்ணனின் குரல் டிரம்முக்குள்ளிருந்து கணீரென்று வந்தது.

“அண்ணே, உங்க குரல் உள்ளதான் இருக்கு” என்றான் சிகாமணி. “அப்படியே மெதுவா வெளிய கூட்டிட்டு வாங்க.”

அருளப்பன் பேசிக்கொண்டே தலையை வெளியே எடுத்தார். பேச்சை நிறுத்தினால் குரல் மறுபடி உள்ளே தங்கிவிடும் என்று தோன்றியதால் சாயங்காலம் வரை வாயை மூடவில்லை. டிக் போட்டார்கள்.

‘இது முதல் ஆல்பத்தின் கால் தூசிக்குக்கூட வராது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘முதல் வெடி’ குறுந்தகட்டை ஒரு முக்காலியின் மேல் வைத்து, ‘ரெண்டாம் வெடி’யைக் கொட்டகையின் அந்த மூலையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அவர் சொன்னது சரிதான், வரவில்லை. பிறகு துரைக்கண்ணுவே அதை எடுத்துவந்து முக்காலியின் காலடித் தூசியில் வைத்தான். அதற்கும் ஒரு டிக்.

இப்படியே முப்பத்தொன்பது கருத்தையும் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சரிபண்ணிவிட்டார்கள். நாற்பதாவது ஒன்றுதான் மிச்சம்.

‘பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடினால்தான் இந்த ஆல்பம் தேறும்.’

சிகாமணி அண்ணனைப் பார்த்துக் கேட்டான். “இதை மட்டும் விட்டுட்டா என்னண்ணே? முப்பத்தொம்பது பண்ணிட்டோமே.”

“ஒரு எழுத்து விடமாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கேன். இதுல எத்தனை எழுத்து இருக்கு பாரு.”

பரமானந்தம் எண்ணிப் பார்த்தான். நிறைய இருந்தது.

“ஒரு சந்தேகம்” என்றான் துரைக்கண்ணு. “கொடுத்துப் பாடணும்னு போட்டிருக்கு. அப்ப முதல்ல குடுத்துரணும், அப்புறம்தான் பாடணும். குடுத்துட்டா எப்படிப் பாடுறது?”

அரைமணி நேரம் விவாதித்தார்கள். கடைசிப் பாட்டு தொடங்கியதும் கொடுக்க ஆரம்பித்து, பாடப் பாடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பாட்டு முடியும்போது மிச்சமில்லாமல் கொடுத்துவிடுவது என்று முடிவானது. பரமானந்தம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

அருளப்பன் வீட்டுக்குப் போய் மனைவி அமலியிடம் சொன்னார். “அமலி, நாளைக்கு நான் உயிரைக் குடுக்குறேன்.”

அமலி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்தாள். “எத்தனை மணிக்குங்க?”

“கடைசிப் பாட்டுல. ஏழு மணி ஆயிரும்.”

“அப்ப ஒரு ஆளுக்குத்தான் மாவு கரைக்கணும்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. “இந்தப் பாட்டை விட்டுட்டு வேற வேலை பாத்தா ஆகாதா?”

“கோஷ்டி கலைஞ்சிரும் அமலி. நாலு பேரும் நாலு பக்கம் போயிருவோம். பரமானந்தத்தை நெனச்சுப் பாரு. அவனுக்கு அடிக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது.”

அமலி எழுந்தாள். அவருடைய கறுப்புச் சட்டையை எடுத்து, காலரைக்கூட விடாமல் இஸ்திரி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் கச்சேரி எவ்வளவு மோசமாக இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள். முதல் பாட்டுக்கே ஸ்பீக்கர் மேலிருந்த உப்பு தெறித்து முதல் வரிசை மேல் பொழிந்தது. சோப்புத் தடவிய கிதார், இதுவரை யாரும் கேட்டிராத ஒரு கிறீச்சொலி எழுப்பியது. தலையணை இல்லாத டிரம்மின் அடி நாற்காலிகளின் கால் வழியாக ஏறி வந்தது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள். மூன்றாவது பாட்டில் விசில் பறந்தது.

கடைசிப் பாட்டு வந்தது. அருளப்பன் கூட்டத்தைக் கும்பிட்டார். முதல் வரிசையில் அமலி தலையில் உப்போடு உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பாட ஆரம்பித்தார்.

முதல் சரணத்தில் கால் பக்கத்து உயிரைக் கொடுத்துவிட்டதாக நினைத்து முழங்காலில் விழுந்தார். இரண்டாவதில் கையைக் கொடுத்துவிட்டார். மைக் கீழே உருண்டது, குனிந்து அதனிடமே பாடினார். பயமும் பாசமுமாக அந்தக் குரல் உடைந்து உடைந்து எழும்பியது. வாசுகி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரியில் அருளப்பன் மல்லாந்து விழுந்து, கண்ணை மூடி, அசையாமல் கிடந்தார்.

அரங்கம் எழுந்து நின்றது. “ஒன்ஸ்மோர்” என்று ஒருவர் ஆரம்பிக்க, முந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

மேடையில் மூவரும் கூடிப் பேசினார்கள். மைக் திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“இன்னொரு தடவை பாடச் சொல்றாங்க.”

“எப்படிப் பாடுவாரு, அதான் குடுத்துட்டாரே.”

“குடுத்ததைக் கேட்டு வாங்கினா என்ன? இங்கதானே இருக்கும், யாரும் இன்னும் வெளிய போகல.”

பரமானந்தம் மைக்கை எடுத்தான். “எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் இப்பத்தான் உயிரைக் குடுத்தாரு. வாங்கினவங்க யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்தீங்கன்னா இன்னொரு தடவை பாடிருவாரு.”

கூட்டம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் மருந்துக்கடைக்காரர் விருத்தாசலம் எழுந்தார். வேடிக்கையான மனுஷர். கையை இறுக மூடிக்கொண்டு, “என்கிட்டதான் வந்துச்சு. இந்தாங்க” என்றார்.

பரமானந்தம் இறங்கி வந்து இரண்டு கையையும் குவித்து வாங்கிக்கொண்டான். சிந்தாமல் சிதறாமல் நடந்தான். மேடைப் படியில் கிடந்த கல் உப்பு காலை வாரிவிட்டது. கை விரிந்துவிட்டது.

“போச்சு” என்றான். “கீழ விழுந்துருச்சு.”

சிகாமணியும் துரைக்கண்ணுவும் குதித்து வந்து தரையில் தவழ்ந்து தேடினார்கள். முன்வரிசைக்காரர்கள் மிதித்துவிடுவோமோ என்று காலைத் தூக்கிக்கொண்டார்கள். “வெறுந்தரையில ரொம்ப நேரம் கிடந்தா அவருக்கு ஆகாது. சீக்கிரம் பாருங்க” என்று அமலி சொன்னாள்.

ஒரு நாற்காலிக்கு அடியில் துரைக்கண்ணுவின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஊதித் தூசி போக்கி, மேடைக்குக் கொண்டுபோய் அண்ணனின் வாயில் பத்திரமாக விட்டான். அருளப்பன் எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். இன்னொரு தடவை பாடினார்.

மூன்றாவது ஆல்பம் உறுதி என்று வாசுகி மேடம் அங்கேயே சொல்லிவிட்டார். நாலு பேரும் அமலியும் பஸ் ஏறினார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருக்க, அருளப்பன் மட்டும் உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே வந்தார்.

“என்னண்ணே?”

“இது என்னுது இல்லடா” என்றார் அவர். “தோள்பக்கம் லூஸா இருக்கு.”

அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களில் யாருக்கும் கிடையாது. மறுநாள் காலையிலேயே அரங்க வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘நேற்றுக் கச்சேரியில் எங்கள் பாடகருக்கு வேறு யாருடைய உயிரோ மாறி வந்துவிட்டது. தங்களுடையதுதான் என்று நினைப்பவர்கள் அடையாளம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.’

பத்து மணிக்குள் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக மருந்துக்கடை விருத்தாசலம். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, “நேத்துலேர்ந்து எனக்கு இறுக்கிப் புடிக்குதுங்க” என்றார்.