நனைத்தால் முகம் காட்டும் கல்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கள் ஊர் ஓடையில் கிடக்கும், நத்தை உருவம் பதிந்த நத்தைக் கல்லைப் பற்றிச் சொல்ல, படித்தவர்கள் எத்தனையோ பேர் சுத்தியலும் பையுமாக வந்து போகிறார்கள்.

“சும்மா சொல்லுங்க அண்ணி. தப்பாச் சொன்னா கல்லு எழுந்து வந்து அடிக்கவா போகுது?” என்கிறாள் என் நாத்தனார் செல்லப்பாப்பா.

அடிக்காதுதான். ஆனால் கல்லுக்குள் இருப்பவள் கேட்டுக்கொண்டிருந்தால்? அவள் மனம் நோகக் கூடாதே. அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

மீனும் சேறும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், எங்கள் ஊர் கடலுக்கு அடியில் இருந்தது. இன்று பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற இடமெல்லாம் அன்று தண்ணீர். அந்தத் தண்ணீரில் சுருளி என்று, நத்தை போல ஒருத்தி இருந்தாள். தண்ணீர்க்குடம் சுமப்பவர்கள் தலையில் வைக்கும் சும்மாடு போலச் சுருண்ட ஓடு அவளுக்கு. ஓட்டின் வாசலில் அவள் குடியிருந்தாள்.

சுருளிக்கு எதைக் கண்டாலும் பயம். பெரிய மீனின் நிழல் விழுந்தால் பயம். நிழல் விழாவிட்டால், மீன் எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று பயம். பயம் வந்ததும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் எழுப்பி, பழைய அறையை அடைத்துவிடுவாள். பூசும்போது கை நடுங்கும். அதனால் அந்தச் சுவரின் ஓரம் நேராக வராது. இலை விளிம்பு போல வளைந்து நெளிந்துதான் வரும். அப்படி அடைத்த பிறகும் மனம் கேட்காது. பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சுவரிலும் ஒரு சின்னத் துளை விட்டுவைப்பாள்.

“என்ன சுருளி, இன்றைக்கும் கொத்து வேலையா?” என்று கேலி செய்வான் ஊசிக்கணவாய். அவன் உடம்புக்குள் அம்பு போல ஒரு கூரான எலும்பு இருந்தது. அதனால் அவனுக்குத் திமிர்.

“உனக்கென்ன, நீ ஓடிவிடுவாய்” என்பாள் சுருளி.

அவளைக் கேலி செய்யாதவள் ஒருத்திதான். பாறையில் ஒட்டிப் பிறந்து, பாறையிலேயே வளர்ந்த சிப்பியக்கா. கனமான உடம்பு, கனமான குரல். ஓர் அங்குலம்கூட நகர முடியாது. ஆனால் பயம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. சுருளி நடுங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் ஒண்டும்போதெல்லாம், “வந்துட்டியா? ஒண்ணுமில்லடி, மீன் போயிருச்சு. நீ பூசிக்கோ, நான் பார்த்துக்கிறேன்” என்பாள். அந்தக் குரல் கேட்டால்தான் சுருளியின் கை நடுக்கம் கொஞ்சம் அடங்கும்.

இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் குனிந்தே கிடந்த பூமிக்கு ஒரு நாள் முதுகு வலித்தது. அவள் மெல்ல நிமிர்ந்தாள். அவள் நிமிர நிமிரக் கடல் வழிந்து கிழக்கே இறங்கத் தொடங்கியது.

கடலம்மா எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டாள். “என்னால் இங்கே நிற்க முடியவில்லை. நீந்துகிறவர்கள் எல்லாரும் என்னோடு வந்துவிடுங்கள்.”

ஊசிக்கணவாய்தான் முதலில் கிளம்பினான். உடம்பு கனத்தால் பின்தங்கிவிடுவோம் என்று, அத்தனை நாள் பெருமை பேசிய எலும்பையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான். துப்பாக்கித் தோட்டா போல அது இன்றும் எங்கள் ஓடையில் கிடக்கிறது.

கடலம்மா சிப்பியக்காவிடம் வந்தாள். பாறையிலிருந்து பெயர்க்கப் பார்த்தாள். பெயர்த்தால் ஓடு உடையும் போலிருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

“விடு ஆத்தா. என்னைப் பிச்சு எடுத்தா நான் பிழைக்க மாட்டேன். நீ கிளம்பு” என்றாள் சிப்பியக்கா.

“திரும்பி வருவேன் மகளே. என் ஈரக்கை உன் மேல் பட்டால், நான் வந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்” என்று சொல்லிவிட்டுக் கடலம்மா அழுதாள். ஏற்கனவே உப்பாக இருந்தவள் இன்னும் கொஞ்சம் உப்பானாள்.

தண்ணீர் வடிந்துகொண்டே போனது. சுருளி பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இன்னும் என்னடி இங்க? போ!” என்று அதட்டினாள் சிப்பியக்கா.

“போகிறேன் அக்கா. நீ சாப்பிட்டாயா?”

“கேக்குற கேள்வியப் பாரு. தண்ணி போகுது, ஓடு!”

அதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் சிப்பியக்காவின் ஓடு படபடவென்று அடித்துக்கொண்டதைச் சுருளி பார்த்துவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாததா? வாழ்நாள் முழுவதும் தன் உடம்புக்குள் கேட்ட சத்தம்தானே.

“அக்கா, உனக்குப் பயமாக இருக்கிறதா?”

சிப்பியக்கா ஓட்டை இறுக்கி மூடிப் பார்த்தாள்; படபடப்பு நிற்கவில்லை. பிறகு, “இதுக்குப் பேருதான் பயமாடி?” என்று கேட்டாள். “எப்படித்தான் இத தினமும் தாங்கின?”

“நீ பக்கத்தில் இருந்தாய். தாங்கினேன்.”

அதற்கு மேல் சுருளியால் கிளம்ப முடியவில்லை. ஆனால் நிற்கவும் முடியவில்லை. அவள் அடைத்துவைத்த அறைகளில் எல்லாம் காற்றுதான் இருந்தது. அதனால் உடம்பு பஞ்சாக மிதந்தது. வடிகிற தண்ணீர் அவளையும் இழுத்துக்கொண்டு போனது. சிப்பியக்காவைப் பிடித்தாள்; வழுக்கியது. பாறையைப் பிடித்தாள்; அதுவும் வழுக்கியது.

கீழே சேறு படுத்திருந்தது. அதனிடம் கேட்டாள். “அண்ணே, எங்கள் இரண்டு பேரையும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?”

சேறு சோம்பலாகப் பேசியது. “பிடிக்கலாம். ஆனால் நான் பிடித்தால் விடமாட்டேன். காய்ந்தால் கல்லாகிவிடுவேன்.”

“வெயில் அடித்தால்?”

“நான் இருக்கிறேன்.”

“மேலே ஏதாவது மிதித்தால்?”

“நான் இருக்கிறேன்.”

“உள்ளே மூச்சு முட்டுமா?”

“நீ இத்தனை அறை கட்டிக் காற்றை அடைத்துவைத்திருக்கிறாயே, அதனால்தான் மிதக்கிறாய். அதையெல்லாம் திறந்துவிடு தாயி. நான் உள்ளே வந்தால்தான் உன்னால் இங்கே இருக்க முடியும்.”

சுருளிக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. ஒவ்வொரு பயத்துக்கும் ஒவ்வொன்றாக அடைத்த அறைகள் அவை. தண்ணீர் மறுபடி இழுத்தது. இரு என்று சொல்லச் சிப்பியக்காவுக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் தெம்பில்லை.

சுருளி கண்ணை மூடிக்கொண்டாள். “வாங்க அண்ணே” என்றாள்.

சந்தேகத்துக்காக விட்டுவைத்த அந்தச் சின்னத் துளைகள் வழியாகச் சேறு உள்ளே நுழைந்தது. ஓர் அறை, அடுத்த அறை, அதற்கடுத்த அறை. உள்ளே வர வர அவள் கனத்தாள். கனக்கக் கனக்கக் கீழே இறங்கினாள். மெல்ல வந்து சிப்பியக்காவின் தோளில் சாய்ந்தாள்.

“வந்துட்டியா?” என்றாள் சிப்பியக்கா.

“ஒன்றுமில்லை அக்கா. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாள் சுருளி.

சேறு இருவரையும் போர்த்தியது. பிறகு காய்ந்தது. கல்லானது.

அந்த நாளிலிருந்துதான் எங்கள் பக்கத்துக் கல்லில் நத்தையும் சிப்பியும் ஒன்றாகவே கிடக்கின்றன. காய்ந்திருக்கும்போது வெறும் கல். ஈரம் பட்டால், கடலம்மா வந்துவிட்டாள் என்று சுருளி முகம் காட்டுகிறாள். கை நடுங்கிப் பூசிய கோடுகள்கூடப் பளிச்சென்று தெரிகின்றன. அதனால்தான் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கல்லை எடுத்ததும் முதலில் நனைக்கிறார்கள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தால் நாக்கால் தொட்டாவது பார்க்கிறார்கள். “இவ்வளவு படிச்சிட்டு மண்ணைத் திங்குறாங்களே” என்று செல்லப்பாப்பா சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வராது. வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அம்மா வந்துவிட்டாள் என்று அவளை நம்பவைப்பது ஏமாற்று இல்லையா? எங்கள் வாசலிலும் அப்படி ஒரு கல் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், நனைத்துக் காட்டு என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று, இப்போதெல்லாம் சொம்புத் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பு போட்டுக் கரைத்த பிறகுதான் அந்தக் கல்லை நனைக்கிறேன்.