இராவணன் சாகக் கூடாது

முன்னொரு காலத்தில் பவழத்துறை என்ற கடற்கரை நாட்டைச் செண்பகவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். ஆனால் காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் பிடிக்காது. பட்டத்து யானையைப் பன்னீரில் குளிப்பாட்டச் சொன்னவன், வாசனையில் தும்மல் வந்ததும், நாட்டில் யாரும் பன்னீரே விற்கக் கூடாது என்றான். அவன் போடும் ஆணைகளை ஊருக்குச் சேதமில்லாமல் முடித்துவைப்பதே அமைச்சர் நல்லாதனுக்கு வேலை. அந்தப் பதவியின் மேல் கண் வைத்திருந்தவர் துணை அமைச்சர் விசாகர்.

ஒரு சமயம் காம்போஜ நாட்டிலிருந்து ஒரு கூத்துக்குழு கப்பலில் வந்து இறங்கியது. முகமூடி அணிந்து இராமாயணம் ஆடுகிறவர்கள். குழுவின் தலைவி சொரியா. இராவணன் வேடமும் அவளுக்கே. பல வருடம் இந்தக் கரைக்கு வந்துபோனதில் தமிழ் நன்றாகப் பேசுவாள்.

கோயில் மண்டபத்தில் ஆடினார்கள். அந்த மண்டபச் சுவரிலும் இராமாயணம் ஓவியமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் சுவர் இராவணனையே பார்த்து வளர்ந்த அரசனுக்கு, பச்சை முகமூடியோடு விரல்களை மெல்ல மடக்கி நிமிர்த்தி நடந்துவந்த இந்த இராவணன் புதியவனாகத் தெரிந்தான். அவன் அம்பு பட்டு விழுந்தபோது அரசனின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் சபை கூடியதும் ஆணை பிறந்தது. "நாளைக்கு மறுபடியும் ஆட்டம். ஆனால் இராவணன் சாகக் கூடாது. சுவரில் அவன் மார்பில் இருக்கும் அம்பையும் அழித்துவிடுங்கள்."

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாகர் மட்டும் எழுந்தார். "சரியான ஆணை அரசே. இந்த நாட்டில் யார் சாக வேண்டும், யார் வாழ வேண்டும் என்று முடிவு செய்பவர் தாங்கள்தானே. அரக்கனுக்கு மட்டும் வேறு சட்டமா?"

சொரியா கைகூப்பினாள். "அரசே, கதையை நாங்களும் கொஞ்சம் மாற்றித்தான் ஆடுகிறோம். அனுமனுக்கு ஒரு மீன்பெண்ணையே கட்டிவைத்திருக்கிறோம். ஆனால் இராவணன் விழாமல் ஆட்டத்தை முடித்ததில்லை. அது எங்களால் ஆகாது."

"ஆகாதென்றால் முகமூடிகளை எரித்துவிடலாம் அரசே. கப்பலையும் பிடித்து வைக்கலாம்" என்றார் விசாகர்.

"அப்படியே செய்யுங்கள்" என்றான் அரசன்.

நல்லாதன் முன்னால் வந்தார். "அரசே, ஆட்டத்தை நான் நடத்தித் தருகிறேன். தாங்கள் சொன்னபடியே நடக்கும். சுவரை ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"நடக்காவிட்டால்?"

"என் பதவியை விசாகருக்குக் கொடுத்துவிடுங்கள்."

வெளியே வந்ததும் சொரியா அவரிடம் கோபமாகக் கேட்டாள். "என்னை ஏன் மாட்டிவிட்டீர்கள்?"

"அம்மா, அரசர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். அம்பு குறி தவறட்டும். இராவணன் போய்ச் சிம்மாசனத்தில் உட்காரட்டும். அதற்கப்புறம் உண்மையில் என்ன நடக்குமோ, அதை மட்டும் ஆடுங்கள். ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்."

சொரியா சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை அரசன் விளக்கேற்றி உட்கார்ந்தான். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கேற்றியவர் பட்டாபிஷேகம் முடிந்து மங்களம் பாடும்வரை எழக் கூடாது, எதுவும் உண்ணக் கூடாது. மீறினால் ஆட்சி நிலைக்காது என்பார்கள். யாருக்கும் பயப்படாத செண்பகவர்மன் அதற்கு மட்டும் பயப்படுவான்.

போர் நடந்தது. இராமனின் அம்பு குறி தவறி விழுந்தது. அரசன் கைதட்டினான். இராவணன் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். சீதை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இராமன் தூரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். மத்தளம் மட்டும் மெதுவாக ஒலித்தது.

வெயில் ஏறியது. மடைப்பள்ளியிலிருந்து புளியோதரை வாசனை வந்தது. அரசன் நெளிந்தான்.

"மங்களம் பாடச் சொல்லுங்கள் அமைச்சரே."

"பட்டாபிஷேகம் ஆகவில்லையே அரசே. சீதை இல்லாமல் இராமன் எப்படி ஊர் திரும்புவான்?"

"இராவணனே சீதையை அனுப்பிவைக்கட்டும்."

முகமூடிக்குள்ளிருந்து சொரியா பதில் சொன்னாள். "அனுப்புகிறவனாக இருந்தால் போரே வந்திருக்காது அரசே."

அப்போது இலங்கைப் பெண்களாக வேடமிட்டவர்கள் வந்து ஒப்பாரி வைத்தார்கள். அரசன் எரிச்சலோடு கேட்டான். "இவர்கள் ஏன் அழுகிறார்கள்? இவன்தான் ஜெயித்துவிட்டானே?"

"தம்பி போய்விட்டான். பிள்ளைகள் போய்விட்டார்கள். இந்தப் பெண்களின் புருஷன்மாரும் போய்விட்டார்கள்" என்றாள் சொரியா. "நான் மட்டும் இருக்கிறேன்."

பச்சை முகமூடி அசையாமல் அரசனையே பார்த்தது. ஒப்பாரி நிற்கவில்லை. புளியோதரை வாசனையும் நிற்கவில்லை. அரசனைப் பசி ஒரு பக்கம் வாட்டியது. இன்னொரு பக்கம் அவனுக்கே பெயர் தெரியாத ஏதோ ஒன்று.

விசாகர் குனிந்து காதில் சொன்னார். "அரசே, அந்த வழக்கத்தையே ஓர் ஆணை போட்டு மாற்றிவிடலாம்."

அரசன் திரும்பினான். "யார் சாக வேண்டும் என்று நான் முடிவு செய்யலாம் என்றீர். ஒருவன் சாகக் கூடாது என்று முடிவு செய்தால் நான் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை?"

விசாகர் இரண்டு அடி பின்வாங்கினார்.

"அம்பை விடச் சொல்லுங்கள்" என்றான் அரசன், மெதுவாக.

அம்பு பாய்ந்தது. இராவணன் விழுந்தான். பட்டாபிஷேகம் நடந்தது. மங்களம் பாடினார்கள். சுவரில் இருக்கும் அம்பையும் அழிக்க வேண்டாம் என்றான் அரசன்.

அரசன் நல்லாதனுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். சொரியாவுக்குப் பட்டும் பொன்னும் கொடுத்து, நல்ல காற்று வரும் நாளில் கப்பலை அனுப்பச் சொன்னான். குழு ஊரில் இருக்கும்வரை விசாகர் தினமும் செத்த அரக்கனாக மேடையில் அசையாமல் கிடக்க வேண்டும் என்றும் ஆணையிட்டான். அந்த ஆணையை மட்டும் மாலையில் அவன் மாற்றவில்லை.

சாப்பிடப் போகுமுன் அரசன் நின்றான். சொரியா முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் அப்படி விழுகிறாயே, வலிக்காதா?" என்று கேட்டான்.

"விழும்போது வலிக்காது அரசே" என்றாள் அவள். "இன்றைக்கு விழாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் வலித்தது."